கணக்கு சோறு போடுமா?

1

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது 2007 மே மாதம். கணக்கில் 200க்கு 198. அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பையனை பி.எஸ்ஸி. மேத்ஸ்ல சேர்த்துவிடுங்க. அப்புறம் சென்னையில கணக்குக்குன்னே இருக்கற இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகலாம். நம்ம நாமகிரித் தாயார் ராமானுஜனுக்குக் கனவுல வந்து..."

நாமக்கல்லில் கணக்கு வாத்தியாராக இருப்பவர்களுக்கு இந்தக் கதை ஒரு வசதி. ராமானுஜன் 1887இல் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது கும்பகோணத்தில். ஆனால் அவர் குடும்பம் கும்பிட்ட தெய்வம் எங்கள் ஊர்க் கோட்டைக்குக் கீழே குடைவரைக் கோயிலில் இருக்கிறாள். அதனால் அவர் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம்.

அப்பா லாரி டிரைவர். அன்று லோடு இல்லாததால் வீட்டில் இருந்தார். வாத்தியார் சொன்னதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கதை எனக்கும் தெரியுங்க சார். முப்பத்திரண்டு வயசுல போயிட்டாரு. அவருக்கே கணக்கு சோறு போடலையே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமெல்லாம் இல்லாமல், நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "சொல்லுடா. கணக்கு சோறு போடுமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். நான்கு வருடம் கழித்து பெங்களூரில் வேலை. சோறு வந்தது, அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்தினார், வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழும்பியது. அவர் கேட்டது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றியது, எனக்கும். ஆனாலும் கேள்வி உள்ளேயே கிடந்தது. ராத்திரி தூக்கம் வராதபோது எண்கணிதப் புத்தகத்தைப் புரட்டுவது, ஒரு தேற்றத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டுவது என்று, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்கிற மாதிரி ஒரு ரகசியப் பழக்கமாகக் கணக்கு என்னோடு இருந்தது.

2023இல் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மூன்று மாத சராசரி 8.9. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். நாட்டில் அவர் மட்டும் தனியாள் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு அதே வருடம் ஜூன் மாதம் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றது. அந்த வருடம் ஐ.நா. அறிவித்த சர்வதேச சிறுதானிய ஆண்டும்கூட. எங்கள் தெரு மளிகைக் கடையிலேயே தினையும் சாமையும் பளபளப்பான பாக்கெட்டில் தொங்கின.

"கடையில வாங்கறதுக்கு மலைக்கே போயிடலாம். ரோடு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

2

ரோடு அவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சிறு வயதில் எனக்கு அது சுற்றுலாப் பாதை. அப்பாவுக்கு லோடு ஏற்றும் பாதை. பல வருடம் அவர் கொல்லிமலையிலிருந்து குச்சிக்கிழங்கு இறக்கியிருக்கிறார். மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள், சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. அது கீழே சேகோ மில்லுக்குப் போகும், அங்கே ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலம் வட்டாரத்தில் வேர்பிடித்த தொழில் அது. 1981இல் ஆலைக்காரர்களுக்கென்று சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது.

காரை நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

மேலே ஏறியதும் சோளக்காடு. பெயரில் சோளம் இருக்கிறது. சந்தையில் வாழையும் பலாவும் அன்னாசியும் மிளகும் இருந்தன. செம்மேட்டில் ஒரு கடையில் அரைக் கிலோ சாமை அரிசி நான்கு பாக்கெட் வாங்கினோம். பாக்கெட்டில் கொல்லிமலை படம், கீழே ஒரு க்யூஆர் கோடு. வேலை முடிந்துவிட்டது, திரும்பியிருக்கலாம். அப்பாதான், "பழைய ஆளுங்க ஒருத்தர் வீடு இருக்கு, எட்டிப் பார்த்துட்டுப் போலாம்" என்றார்.

செம்மேட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு சிறிய ஊர். அப்பாவுக்குக் கிழங்கு லோடு கொடுத்துக்கொண்டிருந்தவர் இறந்து சில வருடமாகிவிட்டது. அவர் மனைவி இருந்தார், எழுபதைத் தொடும் வயது. அப்பாவை அடையாளம் கண்டதும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இவர்கள் மலையாளி என்ற பழங்குடி. கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.

கொடியில் காய்ந்த துணிகளுக்குக் கீழே வாசலில் ஓர் உரல் கிடந்தது. நான் என் கையிலிருந்த பாக்கெட்டைக் காட்டி, "உங்க ஊரு சாமைதாங்க, அப்பாவுக்கு" என்றேன், ஏதோ அவருக்குப் பெருமை சேர்ப்பது மாதிரி.

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். சொன்னேன்.

"நாங்க எங்க சாமி இதத் திங்கறோம்? ரேசன் அரிசிதான். பொங்கலுக்கு, நோம்பிக்குக் கொஞ்சம் ஆக்கறது."

"காட்டுல போடறதில்லீங்களா?"

"கொஞ்சம் போடறோம். அது அப்பிடியே மூட்டைல போயிரும். விக்கறதுக்கு மில்லு இருக்குது. திங்கறதுக்கு உரலு. யாரு குத்தறது?"

மலையில் விளையும் சாமை கீழே சர்க்கரை நோயாளிகளுக்குப் போகிறது. கீழிருந்து வெள்ளையரிசி மலைக்கு வருகிறது. 70 வளைவில் இரண்டும் எங்கோ எதிரெதிரே கடந்துபோகின்றன. இதை ஒரு முரண் என்று ட்விட்டரில் போட்டால் நன்றாகப் பரவும். அந்த நிமிடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் உரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3

"குத்திப் பாக்கறியா?" என்று அந்தம்மா என்னிடம் கேட்டார். விளையாட்டுக்குத்தான். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

சாமை மணி இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளம். நெல்லின் உமி கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்திருக்கும். சாமையின் உமி மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். உலக்கையை வேகமாகப் போட்டால் மணி நொறுங்குகிறது, மெதுவாகப் போட்டால் உமி அசைவதில்லை. ஒவ்வொரு குத்துக்கும் மணிகள் பக்கவாட்டில் ஏறி மறுபடி குழிக்குள் சரிய வேண்டும். அதற்கு ஒரு தாளம் இருக்கிறது, அது எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் குத்தியதும் எடுத்துப் புடைக்க வேண்டும், மறுபடி உரலில் போட வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். கடைசியில் முறத்தைச் சாய்த்துக் கொழித்துக் கல் எடுக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. கிடைத்தது இரண்டு ஆள் ஒரு வேளை சாப்பிடும் அளவு, அதிலும் பாதி குருணை. உள்ளங்கையில் ஆள்காட்டி விரலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

அந்தம்மா சிரித்தார். "நாலு பேருக்கு ரெண்டு வேளைக்குக் குத்தணும். அதுக்கப்புறம்தான் காட்டு வேலை."

வீடு திரும்பிய பிறகு இந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி நிறையப் படித்தேன். சிறுதானியம் ஏன் தட்டிலிருந்து போனது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் தூக்கிவிட்டது. ரேஷனில் அரிசி வந்தது, 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் இலவசமாகவே வந்தது. குச்சிக்கிழங்கு கையில் மொத்தமாகக் காசு கொடுத்தது. ஆனால் இவற்றோடு இன்னொரு காரணத்தையும் கொல்லிமலையில் வேலை செய்தவர்கள் கண்டார்கள்: உமி.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன். பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்டவர். அவர் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களின் நடுவிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் உழைத்த ஒருவரின் நிறுவனம் சாமையைத் தேடி மலையேறியதை, ஒரு கணக்கில் போட்ட பிழையை அடுத்த வரியில் திருத்துவது மாதிரி பார்க்கலாம். அல்லது அதே கணக்கின் விட்டுப்போன பகுதி என்றும் பார்க்கலாம். அவர்கள் முதலில் விதைகளைக் காப்பாற்றினார்கள். வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலசாமை, சடஞ்சாமை என்று மலையில் சாமைக்கே எத்தனையோ பெயர். ஊர்களில் விதை வங்கிகள் வந்தன. ஆனால் வங்கியில் விதை இருந்தால் மட்டும் வயலில் விளையாது. வயலில் விளைந்தாலும் தட்டுக்கு வராது. பாதுகாப்பு, சாகுபடி, நுகர்வு, வணிகம் நான்கும் சேர்ந்தே நகர வேண்டும் என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். அதன் ஒரு பகுதியாக உமி நீக்கும் இயந்திரங்கள் மலையூர்களுக்கு வந்தன, பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின.

நெல் மில்லில் சாமையைப் போட முடியாதா என்று நானும் கேட்டேன். முடியாது. ரப்பர் உருளைகளுக்கு நடுவே நெல்லுக்கு வைத்த இடைவெளியில் சாமை உமியோடு நழுவி விழும், நெருக்கினால் உடையும். சாமைக்கு வேறு வழி: சுழலும் தகடு மணியை வேகமாக வீசிச் சுவரில் மோதவிடும், மோதலில் உமி வெடிக்கும், காற்று உமியை ஊதித் தள்ளும். ஈரப்பதம் கூடினால் உமி வெடிக்காது, குறைந்தால் மணி தூளாகும். அதற்கு முன் சல்லடையில் அளவு பிரிக்க வேண்டும். மணியளவே இருக்கும் கல்லைச் சல்லடை பிடிக்காது. எடை வித்தியாசத்தை வைத்து, அதிரும் தட்டில் காற்றை விட்டுத்தான் பிரிக்க முடியும். முறத்தைச் சாய்த்து அந்தம்மா செய்ததும் அதேதான். அவர் மணிக்கட்டில் ஒரு முழு இயந்திரம் இருந்தது.

இன்னொரு சிக்கல் தவிடு. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. உமி போனதும் தவிட்டிலிருக்கும் எண்ணெய் காற்றில் பட்டு, சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். கடைக்காரருக்கு அது நஷ்டம். அதனால் தவிட்டையும் தீட்டி எடுத்து வெள்ளையாக்கிவிடுகிறார்கள். பாக்கெட் நாள்படத் தாங்கும். ஆனால் நார்ச்சத்தும் இரும்பும் பெருமளவு அந்தத் தவிட்டோடு மாட்டுக்கோ கோழிக்கோ போய்விடும். அதாவது, சர்க்கரைக்காரர் எதற்காகச் சாமை வாங்குகிறாரோ அதை எடுத்துவிட்டு மீதியை அவருக்கு விற்கிறோம்.

4

தவிட்டைக் கோழிக்குப் போடுகிற கதை ஒன்று உண்டு. நாமக்கல்காரன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் விட முடியாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, இதயம் நிற்கும் நோய். ஏதோ கிருமி என்று எல்லோரும் நம்பிய காலம். ஒரு சமயம் ஆய்வகத்துக் கோழிகளுக்கு அதே மாதிரி தள்ளாட்டம் வந்தது, சில மாதத்தில் தானாகப் போனது. விசாரித்தால், நடுவில் கொஞ்ச காலம் கோழிகளுக்குத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போட்டிருக்கிறார்கள். தவிட்டோடு இருக்கும் அரிசிக்குத் திரும்பியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்தது பிற்பாடு தயமின், அதாவது வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. நோயைக் கொண்டுவந்தது எந்தக் கிருமியும் இல்லை, மில்.

இந்தக் கதைக்கு நம் மலையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. ராபர்ட் மெக்கரிசன் 1918இல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமானது, பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தும் நம் புழுங்கலரிசி ஏன் பெரிபெரியைத் தள்ளி வைக்கிறது என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் மொத்தமும் போவதில்லை. நம் பாட்டிமார் சமையலறை அறிவு என்று பெருமைப்படலாம். ஆனால் உடனே அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தை நடத்தியவர்களில் பெரிய பெயர் சி.கோபாலன். எங்கள் பக்கத்துக்காரர், 1918இல் சேலத்தில் பிறந்தவர். தக்காணத்தில் சோளத்தையே பிரதான உணவாகக் கொண்ட ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற தோல் நோய் வருவதை அவர் கவனித்தார். சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து எழுதினார். அதாவது பாரம்பரிய தானியம் என்பதாலேயே ஒன்று அமுதம் ஆகிவிடாது. ஒரே தானியத்தைத் தின்று வாழ நேர்கிற ஏழ்மை எந்தத் தானியத்தையும் நோயாக்கும். சாமையிலும் இரும்பு இருக்கிறது, அந்த இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாக்கெட்டில் அச்சடித்த இரும்புச் சத்தின் அளவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. என்ன விளைகிறது, எப்படி உமி நீங்குகிறது, எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் ரத்தத்தில் கணக்காகிறது.

5

கணக்கு என்றதும் என் பங்குக்கு வருகிறேன்.

மலையிலிருந்து வந்த அன்று இரவு அப்பா அவசரமாகப் பாக்கெட்டைப் பிரித்ததில் க்யூஆர் கோட்டின் ஓரம் கிழிந்துவிட்டது. சும்மா போனைக் காட்டினேன். படித்தது. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய கட்டங்களில் ஒன்று போயிருந்தால் கதை முடிந்திருக்கும். போனது நான்காவது மூலை.

கிழிந்தும் எப்படிப் படிக்கிறது? விஷயத்தோடு கூடவே, அதிலிருந்து கணக்கிட்ட உபரி எண்களையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அமைப்பைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீட்டுவிடலாம். இதற்கு அடியில் இருப்பது முடிவுறு களங்கள் என்ற தூய கணிதம். கணிதத்தில் களம் என்றால் நெல்லடிக்கும் களம் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் தடையில்லாமல் நடக்கும் எண்களின் அமைப்புக்கு அந்தப் பெயர். க்யூஆர் கோட்டின் களத்தில் மொத்தம் 256 எண்கள்தான். 1830இல் பத்தொன்பது வயதுக்குள் இதை எழுதியவர் எவரிஸ்த் கல்வா. இரண்டு வருடத்தில் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார். எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அவருக்கும் கணக்கு சோறு போடவில்லை என்பார்.

கல்லூரி மூன்றாம் வருடத்தில் பிசிஹெச் கோடு என்று ஒரு பாடம் இருந்தது. பிழை திருத்தும் கோடுகளில் ஒரு குடும்பம் அது. க்யூஆர் கோட்டுக்குள்ளும் அதற்கு வேலை உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எனக்கு அந்த ‘பி’ யாரென்று தெரியாது. பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது: ராஜ் சந்திர போஸ். ‘சி’ அவருடைய மாணவர் ராய்-சௌதுரி. போஸ் கொல்கத்தாவில் வடிவியல் வாத்தியாராக இருந்தவர். 1932இல் அவரைத் தன் புள்ளியியல் நிறுவனத்துக்கு இழுத்தவர் மகலனோபிஸ். அங்கே அவர் முன் வந்து விழுந்த கேள்வி வயலிலிருந்து வந்தது.

கேள்வி இதுதான். ஏழு ரகச் சாமை இருக்கிறது, எது நன்றாக விளையும் என்று பார்க்க வேண்டும். மலையில் படிப்படியாக ஏழு துண்டு வயல், ஒவ்வொன்றிலும் மூன்று ரகத்துக்குத்தான் இடம். ஒரு துண்டில் மண் ஆழம், இன்னொன்றில் பாறை, ஒன்றில் வெயில், ஒன்றில் நிழல். முதல் ரகத்தை நல்ல மண்ணிலும் ஏழாம் ரகத்தைப் பாறையிலும் போட்டுவிட்டு ஒப்பிட்டால், ரகத்தை ஒப்பிடுகிறோமா, மண்ணையா? எந்த இரண்டு ரகத்தை எடுத்தாலும் அவை ஏதோ ஒரு துண்டில், சரியாக ஒரே ஒரு முறை, பக்கத்துப் பக்கத்தில் விளைய வேண்டும். அப்போது ஒப்பீடு நியாயமாகும். முடியுமா?

முடியும். 123, 145, 167, 246, 257, 347, 356. எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் ஒரே ஒரு கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம். ஏழு ரகம் என்றால் கையாலேயே போட்டுவிடலாம். ரகங்களும் துண்டுகளும் கூடினால்? கல்வாவின் களங்களைக் கொண்டு வடிவியல் அமைத்து, இப்படிப்பட்ட பங்கீடுகளைக் கட்டும் பொதுவான வழிகளை 1939இல் போஸ் எழுதினார். இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் பயிர்ச் சோதனைகளுக்காகத் தொடங்கிய துறை கொல்கத்தாவில் தூய கணிதத்தோடு கைகோத்தது. இருபது வருடம் கழித்து அதே போஸ், அதே களங்களைக் கொண்டு, செய்தியில் விழும் பிழையைத் திருத்தும் கோடுகளை எழுதினார். மேலே சொன்ன அந்த ஏழு கூட்டங்களேதான் ஹாமிங் 1950இல் வெளியிட்ட முதல் பிழைதிருத்தும் கோட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. வயலைப் பங்கிட்ட படமும் பிழையைத் திருத்தும் படமும் ஒன்று.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சாமை பாக்கெட்டின் மேல் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்துக்கும், உள்ளே இருந்த மாதிரி தானியங்களை வயலில் சோதிக்கும் முறைக்கும் ஒரே தாத்தா. பதினாறு வருடம் கழித்துப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கணக்கு சோறு போடும். சுற்றி வளைத்து, நூறு வருடம் எடுத்துக்கொண்டு, ஆனால் போடும்.

6

காலையில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரில் ஏழு துண்டு வயல் வரைந்து, எண்களை எழுதி, ஜோடி ஜோடியாகக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். லோடு ஏற்றிப் பழகியவருக்குப் பங்கீடு புரியும். 3-ஐயும் 6-ஐயும் அவரே தேடிக் கடைசிக் கூட்டத்தில் கண்டுபிடித்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து நீ எத்தனை நேரம் குத்தின?" என்று கேட்டார்.

"நாப்பது நிமிசம்."

"எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி கம்பு இடிக்க உக்காரும். எனக்கு அந்தச் சத்தம்தான் அலாரம். கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும், தலையைத் தடவினா முடி சிக்கும். கிளீனரா சேர்ந்து மொத சம்பளம் வாங்கினப்ப என்ன வாங்குனேன் தெரியுமா? ஒரு மூட்டை அரிசி. மில் அரிசி. தோள்ல தூக்கிட்டு வந்து போட்டேன். எங்கம்மா மறுநாள் விடிஞ்சும் எந்திரிக்கல. செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன். தூங்கிட்டு இருந்துது."

ஆத்தாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை சொரசொரப்பாக இருக்கும், அதுவும் நினைவிருக்கிறது. காரணம் கேட்டதில்லை.

சிறுதானியத்தை மறந்ததால் நோய் வந்தது என்று நாம் எழுதுகிற கட்டுரைகளில், நான் உட்பட, ஏதோ அறியாமையால் தொலைத்துவிட்ட மாதிரி ஒரு தொனி இருக்கிறது. எங்கள் வீட்டில் அது தொலைந்து போகவில்லை. ஒரு மகன் தன் அம்மாவுக்குத் தூக்கம் வாங்கிக் கொடுத்தான், அதற்கு விலையாகப் போனது. அந்த மலையம்மா ரேஷன் அரிசியை எடுத்துக்கொண்டதும் அதே கணக்குத்தான். அவர் தப்பாகக் கூட்டவில்லை. கூட்டத் தெரியாதது எனக்குத்தான். சத்து, விலை, மகசூல், நார் என்று பட்டியல் போட்டபோது அந்த விடிகாலை எந்தப் பத்தியிலும் இல்லை. ஃபிஷர் மண்ணின் வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டுவந்தார், போஸ் அதற்கு அழகான கட்டம் கொடுத்தார். உமியை யார் கையால் நீக்குவது என்ற வரி அந்தக் கட்டத்துக்கு வெளியே இருந்தது. அதைக் கண்டுகொண்டு ஓர் இயந்திரத்தை மலையேற்றியவர்கள் தேற்றம் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் மற்ற எல்லாமும் தட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். அந்த இயந்திரமும் இன்னும் விற்கிற மூட்டைக்குத்தான் ஓடுகிறது. அந்தம்மா வீட்டு இரண்டு படிக்கு அது ஓடும் நாள் வரவில்லை.

தூய கணிதம் படிக்காமல் போனதற்கு எனக்கு வருத்தம் இருக்கிறது, இனியும் இருக்கும். அது சோறு போடும் என்று நிரூபித்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது தோன்றவில்லை. அப்பாவின் கேள்வி மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. எதைப் படித்தாலும், எதைக் கட்டினாலும், இதில் யார் கை காய்க்கிறது என்று ஒரு வரி சேர்த்துப் பார்க்கிறேன். ஆபீஸில் ஒரு ஆப் டிசைன் செய்யும்போதுகூட அந்த வரி வந்து நிற்கிறது. சில சமயம் மீட்டிங்கில் எல்லோருக்கும் எரிச்சலாகிறது.

மூன்று மாதம் கழித்து அப்பாவின் சர்க்கரை 7.8க்கு வந்தது. சாமைதான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே மூன்று மாதத்தில் மாத்திரை தொடங்கினார், சாயங்காலம் நடக்கத் தொடங்கினார், டீயில் சர்க்கரையை விட்டார். ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் நான்கு மாற்றம். ஃபிஷர் தலையில் அடித்துக்கொள்வார். நான் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் மறுபடி மலைக்குக் கிளம்பினேன். பாலிஷ் போடாமல் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்தால் உமியோடு மூட்டையாகவே வாங்கி வைத்துக்கொண்டால் கெடாது என்றும் சொன்னேன். அப்பா செருப்பை மாட்டியபடியே திரும்பிப் பார்த்தார்.

"உமியோடயா? யாரு குத்தறது, நீயா?" என்றார். "மில்லுல விட்டே வாங்கு. ஒரு தடவை மட்டும் விடச் சொல்லு. அப்புறம், அந்தம்மாவுக்கும் ரெண்டு படி மில்லுல குடுத்து வாங்கி வீட்டுல வெச்சுட்டு வரலாம்."

காரை எடுத்தேன். அறுபத்தெட்டாவது வளைவு வரைக்கும் அவர் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.